படகில்லாதவனுக்குப் படகுக் கிளப் எதற்கு?

ஜொகூர் பாருவில் எங்களைப் போன்ற குடும்பங்களில் யாட் கிளப் என்ற பேச்சு எழுவதே அபூர்வம். கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பிள்ளைகளின் பரதம், டியூஷன் என்று எங்கள் சந்தாப் பணம் போகிற இடங்கள் பெரும்பாலும் கரையில்தான். அதனால் ஒரு பாய்ப் படகுக் கிளப்பின் உறுப்பினர் விண்ணப்பத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, என் மனைவி அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“நமக்குப் படகே இல்லையே. படகில்லாதவங்களுக்குப் படகுக் கிளப் எதுக்குங்க?”

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடி அந்த ஆண்டின் பெரும்பகுதி போயிற்று. நான் தொழிலால் கணக்காளன். கிளப்புக்குக் கொடுக்கும் வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஆனால் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் அது அப்பாவிடமும், நான் பிறந்து வளர்ந்த இந்த ஜொகூர் நீரிணையிடமும், என் மகளிடமும் கொண்டுபோய் விட்டது.

அப்பா உலு திராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் 1977இல் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து, பால்மரம் வெட்டிய கையோடு அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். செம்பனை எண்ணெய் ஏற்றுகிற கப்பல்கள், இரும்புக் கயிறு, இரவு ஷிப்ட், காலையில் உப்பும் எண்ணெயும் படிந்த சட்டை. அப்பாவுக்குக் கடல் என்றால் இவைதான். அதன் கரையில் நின்று சம்பாதித்தார், எங்களைப் படிக்க வைத்தார், அதற்குள் மட்டும் இறங்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிடோ கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சோளம் வாங்கித் தருவார். தண்ணீர் ஓரத்துக்குப் போனால் குரல் உயரும். எங்கள் வீட்டில் யாருக்கும் நீந்தத் தெரியாது. எங்கள் தாமானில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இதே நிலைமைதான்.

ஆனாலும் 1999இல் அஸ்ஹார் மன்சூர் ‘ஜாலூர் கெமிலாங்’ என்ற பாய்ப் படகில் தனியாளாக உலகைச் சுற்றி லங்காவி திரும்பியபோது, அந்தச் செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்தவரும் அதே அப்பாதான். பயமும் மரியாதையும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. கடலைப் பற்றி அவர் எனக்குச் சொல்லாமல் விட்டவற்றை எல்லாம் நான் பிறகு வேறு மனிதர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் வரிக் கணக்கு எழுதித் தருகிற சீன வாடிக்கையாளர் ஒருவர். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் சிறு வியாபாரம். 34 அடி நீளப் பழைய பாய்ப் படகு ஒன்று வைத்திருந்தார். ஒரு நாள் ரசீதுகளை ஒப்படைத்துவிட்டு, “சனிக்கிழமை எனக்கு ஒரு ஆள் குறையுது. வர்றியா? ரப்பர் அடி வச்ச காலணி, தொப்பி, தண்ணி, அவ்வளவுதான்” என்றார் மலாயில். நீச்சல் தெரியாது என்றேன். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் இருந்தால் போதும் என்றார்.

காலை வெளிச்சம் வந்ததும் பெர்மாஸ் ஜெயா பக்கமிருந்து கிளம்பினோம். படகில் ஐந்து பேர். படகுக்காரர், அவருடைய தம்பி, பாசிர் பூத்தே மீனவக் கிராமத்து மலாய் இளைஞர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு யாழ்ப்பாணத் தமிழ்ப் பெரியவர், நான். வலப்புறம் சிங்கப்பூரின் செம்பாவாங். ஒரு காலத்தில் ஆங்கிலேயர் கடற்படைத் தளமாக இருந்து, பிறகு கப்பல் பழுதுபார்க்கும் தளமான இடம். இடப்புறம் ஓராங் செலேத்தார் பழங்குடி மக்கள் வாழும் கோலா மாசாய் கம்பம். சாலையில் போகும்போது அந்தக் கிராமம் கண்ணில் படுவதே இல்லை. தண்ணீரிலிருந்து பார்த்தால் அதுதான் முகப்பு. நகரம் முழுவதும் அன்று எனக்கு அப்படித்தான் திரும்பித் தெரிந்தது. நான் வாழ்நாள் எல்லாம் பார்த்தது ஜொகூரின் முதுகை என்று தோன்றியது.

எனக்குக் கொடுத்த வேலை எளிது. படகு திசை மாறும்போது ஒரு பக்கத்துக் கயிற்றைத் தளர்த்த வேண்டும், மறு பக்கத்தில் இருப்பவர் இழுப்பார். பாயின் அடியிலுள்ள பருமல் என்ற கட்டை தலைக்கு மேல் குறுக்கே வீசிப் போகும், குனிய வேண்டும். சொல்லும்போது ஒன்றுமில்லை. செய்யும்போது கை, காது, கண் மூன்றும் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டும். பாசிர் பூத்தே இளைஞர் தண்ணீரின் மேற்பரப்பைக் காட்டினார். சற்றுத் தள்ளி ஓர் இடத்தில் நீர் கறுத்துச் சுருங்கி எங்களை நோக்கி வந்தது. “அதுதான் காத்து. இன்னும் பத்து எண்ணுங்க” என்றார். எண்ணி முடிக்குமுன் பாய் விடைத்துப் படகு சாய்ந்தது. காற்றைக் கண்ணால் பார்க்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இங்கே காற்று தாராளமானது அல்ல. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களை விட்டால் பல காலைப் பொழுதுகளில் காற்று வருவதும் நிற்பதுமாக இருக்கும். பிப்ரவரி வாக்கில் பாசிர் கூடாங்கில் உலகப் பட்டத் திருவிழா நடத்திவந்தார்களே, அது காற்றைப் பார்த்து வைத்த காலம். மற்ற நாட்களில் பாய்ப் படகுக்காரன் கடலின் ஏற்றவற்றத்தை நம்பித்தான் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இந்த நீரிணையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 3 மீட்டர் வித்தியாசம் இருக்கும். எந்த நேரத்தில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் கிளம்பினால், பாயை விரித்துக்கொண்டே பின்னால் போகலாம்.

அன்று பாசிர் கூடாங்குக்கு எதிரே காற்று நின்றுபோனது. அசையாத படகிலிருந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலை பார்த்த துறைமேடை அங்கே எங்கோதான். அவர் அந்தப் பக்கமிருந்து இந்தத் தண்ணீரைத் தம் ஆயுளில் பாதியளவு பார்த்திருக்கிறார். நான் இந்தப் பக்கமிருந்து அந்த மேடையை முதன்முறையாகப் பார்க்கிறேன். அவரையும் ஒருமுறை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கலாம். அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

பெரியவர் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, “தம்பிக்கு அன்னபூரணி தெரியுமோ?” என்று கேட்டார். தெரியாது என்றேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய பாய்க்கப்பல் அது. ராபின்சன் என்ற அமெரிக்கப் பாய்ப் படகுக்காரர் ஒருவர் அதைக் கண்டு, விலைக்கு வாங்கி, பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்திக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். என்ஜின் கப்பல்கள் உலகை ஆண்ட காலத்தில், தமிழ் மாலுமிகள் பாய் விரித்து அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். பெரியவருடைய தாய்வழி உறவுகள் அந்த ஊர்க்காரர்கள். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு துறைமுகக் கூலியோடு தொடங்கியது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

காற்று திரும்பியது. மதியம் கரைக்கு வந்தோம். அன்று மாலைதான் படகுக்காரர் அந்த விண்ணப்பத்தை என்னிடம் தந்தார்.

கணக்காளன் செய்ய வேண்டியதை அடுத்துச் செய்தேன். இரண்டு கிளப்புகளைப் பார்த்தேன். இரண்டின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. முதலாவது, நீச்சல் குளமும் உணவகமும் கண்ணாடிச் சுவரும் உள்ள இடம். அங்கே சேர நுழைவுக் கட்டணம் உண்டு, மாதச் சந்தா உண்டு, உணவகத்தில் மாதந்தோறும் குறைந்தது இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்ற விதி உண்டு. சாப்பிடாவிட்டாலும் அந்தத் தொகை பிடிக்கப்படும். உறுப்பினர் உரிமையைப் பிறகு விற்கலாம் என்று அங்கிருந்த அலுவலர் திரும்பத் திரும்பச் சொன்னார். விற்கலாம்தான், வாங்க ஆள் இருந்தால். மாற்றத்தக்க உறுப்பினர் உரிமை என்பது நிலம்போல ஏறும் சொத்து என்று பலர் நம்புகிறார்கள். கிளப்பின் நிதிநிலை அறிக்கையைப் பார்க்காமல் அந்த நம்பிக்கைக்கு ஒரு வெள்ளியும் கொடுக்கக் கூடாது என்பது என் தொழில்முறை அபிப்பிராயம்.

அங்கே மேடை நெடுகப் படகுகள் கட்டிக் கிடந்தன. அழகாகத்தான் இருந்தன. ஆனால் நான் போன சனிக்கிழமைக் காலையில், நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தபோது, ஒன்றும் வெளியே போகவில்லை. பல படகுகளின் கயிற்றில் பாசி தழைத்திருந்தது.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த டீசல் என்ஜின் மெக்கானிக் ஒருவர் தமிழர். எல்லோரும் அவரை ‘அண்ணன்’ என்றே கூப்பிட்டார்கள், சீனர்கள்கூட. நான் விவரம் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, படகு வாங்குறது சுலபம். வச்சுக் காப்பாத்துறதுதான் பாடு.” விரல் விட்டுச் சொன்னார். நிறுத்துமிடத்துக்கு அடிக்கணக்கில் மாத வாடகை. இந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் வேகமாக ஒட்டும். ஆள் முழுகிச் சுரண்ட வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது கிரேன் வைத்துத் தூக்கி, சிப்பி ஒட்டாத பெயிண்ட் அடிக்க வேண்டும். வெயிலில் பாயின் தையல் முதலில் இற்றுப்போகும், பிறகு துணி. பேட்டரி, டீசல் வடிகட்டி, பம்ப், காப்புறுதி. “ஓடாத படகுதான் அதிகம் கெடும். ஓட்டிக்கிட்டே இருந்தா என்ஜின் நல்லா இருக்கும். வாரம் ஒரு தடவை வெளியே எடுக்க நேரமில்லாதவங்க வாங்கக் கூடாது, அதான் நான் சொல்லுவேன்.”

நானும் அன்றிரவு ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். ஆண்டு முழுவதும் ஆகிற செலவைக் கடலில் உண்மையாகக் கழிக்கும் மணிகளால் வகுத்தேன். கிளப் எதுவானாலும் நான் பார்க்க வேண்டிய ஒரே எண் இதுதான் என்று அன்று முடிவு செய்தேன். கண்ணாடிச் சுவர் கிளப்பில் சேர்ந்து, சொந்தப் படகும் வாங்கி, மாதம் ஒருமுறை வெளியே போனால் ஒரு மணிக்கு ஆகிற வெள்ளியை எழுதவே கை கூசியது. வாடிக்கையாளரின் படகில் ஆளாகப் போனால் அதே மணிக்குச் செலவு, பசியாற வாங்கிப்போகும் நாசி லெமாக் மட்டும். அப்படியானால் சேராமலேயே இருந்துவிடலாமே? பல மாதம் அப்படித்தான் இருந்தேன், சனிக்கிழமைகளில் போய்வந்துகொண்டு. பாய்ப் படகுக்கு எப்போதும் ஆள் தேவை. நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்து, முடிவில் உப்புத் தண்ணீரைக் கழுவிவிட்டுப் போகிறவனை யாரும் விடமாட்டார்கள். கடலுக்குப் போக உறுப்பினர் அட்டை கட்டாயமில்லை. இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

எந்தக் கரையில் சேர்வது என்பது இன்னொரு கேள்வி. ஜொகூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வே தூண்மேல் நிற்கும் பாலம் அல்ல. கல்லைக் கொட்டி நீரிணையை அடைத்துப் போட்ட, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான கரை. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறந்தபோது ஜொகூர் பாரு முனையில் படகுகள் கடந்துபோக ஒரு மதகுக் கால்வாயும், தூக்கித் திறக்கும் பாலமும் வைத்திருந்தார்கள். 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய ஆங்கிலேயப் படை காஸ்வேயை வெடி வைத்துத் தகர்த்தது. போருக்குப் பிறகு சாலையும் ரயிலும் சரியாயின. படகுக் கால்வாய் திரும்பி வரவில்லை. காஸ்வேயின் எங்கள் பக்கத்துப் பாதியை எடுத்துவிட்டு, படகுகள் கீழே போகும்படி வளைந்த பாலம் கட்டும் திட்டம் ஒன்று இருந்தது. 2006 ஏப்ரலில் அரசு அதைக் கைவிட்டது.

அதன் விளைவு இதுதான். மேற்கே புத்ரி ஹார்பரில் கட்டியிருக்கும் படகு, கிழக்கே செனிபோங்குக்கு வர வேண்டுமானால் சிங்கப்பூர்த் தீவை முழுவதும் சுற்றி வர வேண்டும். காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆகவே எந்தக் கரையில் சேர்கிறோமோ அந்தக் கடல்தான் நமக்கு. மேற்கில் சேர்ந்தால் தஞ்சோங் பெலெப்பாஸ் கொள்கலன் துறைமுகத்தையும், கடற்புல் வளரும் மெராம்போங் திட்டையும் தாண்டி மலாக்கா நீரிணை. பங்கோர், பினாங்கு, லங்காவி எல்லாம் அந்த வழி. ஆண்டுதோறும் நவம்பரில் போர்ட் கிள்ளானிலிருந்து லங்காவி வரை நடக்கிற ராஜா மூடா போட்டியில் ஆளாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் வசதி. ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் மேற்கிலிருந்து வரும் சுமத்ராக் காற்றை முதலில் வாங்குவதும் அந்தப் பக்கம்தான். கிழக்கில் சேர்ந்தால் ஜொகூர் ஆற்று முகத்துவாரம், தெக்கோங் தீவு, பெங்கெராங் வழியாகத் தென்சீனக் கடல்; பிறகு மெர்சிங் தீவுகளும் தியோமானும். பருவமழை மாதங்களில் அந்தக் கடல் மூடிவிடும். இரண்டு பக்கத்திலும் நீரிணையின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு உண்டு. காற்று தள்ளியது என்று சொல்லிக் கோட்டைத் தாண்ட முடியாது; பாத்தாமுக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டுமானால் கடப்பிதழ், குடிநுழைவு, சுங்கம், துறைமுக அனுமதி எல்லாம் ஒழுங்காக முடித்துத்தான் போக வேண்டும். இந்தக் காகித வேலையைக் கற்றுத் தருகிற அனுபவசாலிகள் நிறைந்திருப்பதே ஒரு கிளப்பின் பெரிய சொத்து. நீச்சல் குளம் தாமானிலும் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் சேரவில்லை. சேர வைத்தது ஒரு சென்னைப் பயணம்.

மனைவியின் சொந்தத்தில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஓர் உறவுக்காரரின் நண்பர் மூலம் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சென்னைத் துறைமுகத்தை நவீனமாக்கிய சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைகளுக்காகப் பிறந்த கிளப். அதை ஒட்டிய தண்ணீரில் அன்று நான் பார்த்தது சின்னஞ்சிறு படகுகளில் தமிழ் பேசிக்கொண்டு திரிந்த பிள்ளைகளை. கரையிலிருந்து பயிற்சியாளர் தமிழில் கத்துகிறார், படகிலிருந்து பத்து வயதுப் பையன் தமிழில் பதில் கத்துகிறான். என் மகள் மேடை ஓரத்தை விட்டு நகரவே இல்லை.

நேத்ரா குமணன் என்ற பெண்ணின் கதையை அங்கேதான் கேட்டேன். சென்னைப் பெண். 2009இல் தமிழ்நாடு பாய்ப் படகுச் சங்கம் நடத்திய கோடை முகாமில் சிறுமியாகப் படகேறியவர். 2021இல் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியில், பாய்ப் படகு ஓட்டத்தில் ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். தோக்கியோவுக்குப் போனார், 2024இல் பாரிஸுக்கும் போனார். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணனும் அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் இருந்தார். கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய சென்னைப் பிள்ளைகள். ஒரு கோடை முகாம் ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது. அவருக்குத் தொடக்கத்தில் தேவைப்பட்டது சொந்தப் படகு அல்ல. இரவல் படகும், கரையில் நின்று பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரும்.

அங்கே பிள்ளைகள் ஓட்டிய சின்னப் படகுக்கு ஆப்டிமிஸ்ட் என்று பெயர். 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, ஒற்றைப் பாய். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. பணக்காரர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பாய் விரிக்க வேண்டும் என்றுதான், இரண்டு பிளைவுட் பலகையில் குறைந்த செலவில் செய்துவிடும்படி அதை உருவாக்கினார்கள். அதனால்தான் அந்தத் தட்டையான மூக்கு. இன்று உலகம் முழுவதும் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் அதில் கற்றுக்கொள்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் நான் பார்த்து வைத்திருந்த இரண்டாவது கிளப்புக்குக் குடும்பத்தோடு போனேன். கண்ணாடிச் சுவர் கிடையாது. சரிவான ஒரு சிமெண்ட் இறங்குதளம், தகரக் கூரை, கொள்கலன் பெட்டிக்குள் அடுக்கிய ஆப்டிமிஸ்ட் படகுகள், ஒரு மீட்புப் படகு, குளிக்க ஒரு குழாய். சாதாரண உறுப்பினருக்கு மாதச் சந்தாதான். நுழைவுக் கட்டணம் சிறியது. உணவக விதி இல்லை, ஏனென்றால் உணவகமே இல்லை. உறுப்பினர் பிள்ளைகள் கிளப் படகை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை: பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் மூவரும் நீச்சல் பழகினோம். மனைவி முதலில் பழகிவிட்டாள். எனக்கு நாளாயிற்று. அதன் பிறகு அந்தச் சிறிய கிளப்பின் விண்ணப்பத்தை மனைவியே நிரப்பினாள். படகில்லாதவர்களுக்கு எதற்கு என்ற அவளுடைய கேள்விக்கு அதற்குள் அவளே பதில் கண்டிருந்தாள். “படகு இருக்கறவங்களுக்கு மேடை போதும். இல்லாதவங்களுக்குத்தான் கிளப் வேணும்” என்றாள். ஒரு கணக்காளனாக நான் கூட்டிக் கழித்து வந்து சேர்ந்த இடமும் அதுவே.

மகள் முதல் நாள் தனியாகப் படகேறியபோது கிளப்பின் மீட்புப் படகு பின்னாலேயே போனது. படகு கவிழ்வதும், கவிழ்ந்ததை நிமிர்த்தி ஏறுவதும் முதல் பாடமே. அவர்களே வேண்டுமென்று கவிழ்க்கச் சொல்வார்கள். அவள் நிமிர்த்தி ஏறி, இரண்டு கையாலும் தண்ணீரை வெளியே கோரி ஊற்றிவிட்டுச் சுக்கானைப் பிடித்தாள். கரையில் நின்ற எனக்கு உடம்பு நடுங்கியது உண்மை. அப்பாவின் உயர்ந்த குரல் என் தொண்டைக்குள்ளேயே இருந்தது. அதை வெளியே விடவில்லை.

கணக்கில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சு வாயுவை மூச்சிழுத்து ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள்; கல்வி அமைச்சு மாவட்டத்தின் 111 பள்ளிகளை மூடியது. அதற்கு முன்னும் பின்னும் இந்த நீரிணைக்கு வருகிற ஆறுகளில் என்னென்னவோ கலந்தன. மீனவர்களும் ஓராங் செலேத்தார் மக்களும் சிப்பி வளர்க்கிறவர்களும் நெடுங்காலமாகச் சொல்லிவந்த புகாரை நகரத்தில் நாம் எத்தனை பேர் காதில் வாங்கினோம்? தண்ணீரில் நம் பிள்ளை விழுந்து எழுகிறாள் என்றால், அந்தத் தண்ணீரின் நிறம் மாறினால் உடனே தெரியும். எங்கள் கிளப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்று அதிகம் பேசப்படுவது நீரின் நாற்றம், மிதக்கும் பிளாஸ்டிக், மழைக்குப் பிறகு வரும் நுரை. புகைப்படத்தோடு சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் எழுதுகிறோம். இந்த வேலைக்காகவே ஒருவர் கிளப்பில் சேரலாம் என்பேன்.

சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமைக் காலையில் போய் எத்தனை படகு வெளியே போகிறது என்று பாருங்கள். உறுப்பினர் எடுத்துப் போகக் கிளப் படகு இருக்கிறதா, மீட்புப் படகு இருக்கிறதா, பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் சேருங்கள். கட்டுகிற வெள்ளிக்கு மேல் கிடைக்கும். இல்லையென்றால் அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். படகு வாங்குவதைப் பற்றி இன்னும் சில ஆண்டுகள் யோசிக்கவே வேண்டாம்.

என் மகளுக்கு இப்போது 14 வயது. கொஞ்ச காலத்தில் ஆப்டிமிஸ்ட் வயதைத் தாண்டிப் பெரிய படகுக்குப் போய்விடுவாள். அவள் ஓட்டிய படகு காலியாகும். எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் மிகக் குறைவு. மாசாயிலும் பிளெந்தோங்கிலும் ஸ்கூடாயிலும் இருக்கிற அப்பா அம்மாக்களே, உங்களுக்குப் பக்கத்தில் எந்தக் கிளப் இருக்கிறதோ அங்கே பிள்ளையை ஒரு காலைப் பொழுது கூட்டிக்கொண்டு போங்கள். மாற்று உடையும் தண்ணீர் போத்தலும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.